கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள்

கல்யாணக் கேசட்டுகளையும் சிடிக்களையும் பென்டிரைவுக்கு மாற்றும் வேலை இப்போது ஊருக்கு ஊர் நடக்கிறது. ‘குவாலிட்டி குறையாமல் கன்வெர்ட் செய்து தரப்படும்’ என்கிறார்கள். ஃபைலிலிருந்து ஃபைலுக்கு மாற்றும்போது, படத்தைத் தொடாமல் விட்டால்தான் அது முழு உண்மை. எம்பி4, எம்கேவி, ஏவிஐ எல்லாம் வெறும் டப்பாக்கள். பண்டம் உள்ளே இருக்கும் எம்பெக்-2, எச்.264 போன்ற சுருக்கமுறைப் படம். டிவிடியில் உள்ள எம்பெக்-2 படத்தை அப்படியே எடுத்து எம்கேவியில் வைத்தால் ஒரு புள்ளிகூட மாறாது. எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருள் இதைச் சில நிமிடங்களில் முடித்துவிடும். மணிக்கணக்கில் ஆகிறது என்றால், படம் மறுபடி சுருக்கப்படுகிறது என்று சந்தேகிக்கலாம். அந்த வழக்கமான சுருக்கத்தில் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று போகும், போனது திரும்பாது.

விசிடி காலம் இதற்கு நல்ல சாட்சி. நம் ஊர் பால் (PAL) முறைக் கேசட்டில் படம் 576 வரிகளில், நொடிக்கு 50 அரைச் சட்டங்களாகப் பதிவானது. 1993-ல் வந்த விசிடியோ 352-க்கு 288 புள்ளிகள், நொடிக்கு 25 சட்டங்கள், படத்துக்கு நொடிக்குச் சுமார் 1.15 மெகாபிட் என்று எல்லாவற்றையும் ஒடுக்கியது. பாதி வரிகளும் பாதி அசைவும் அங்கேயே போயின. சுருக்கமுறைகள் அதிகம் திணறுவது ஒழுங்கில்லாமல் அசையும் சின்னச் சின்ன விஷயங்களில்தான். ஹோமப் புகையும், தாலி கட்டும் நேரத்தில் பறக்கும் அட்சதையும், மினுங்கும் ஜரிகையும் அந்த வகை. ஆக, கல்யாணத்தின் முக்கியமான நிமிடம்தான் விசிடியில் கட்டம் கட்டமாக உடைந்தது. சிடி வந்துவிட்டதே என்று கேசட்டைத் தூக்கிப் போட்ட குடும்பங்களுக்கு இன்று மிச்சம் அந்தக் கட்டங்கள்தான்.

விஎச்எஸ் கேசட்டின் படமே மங்கல்தானே, அதில் இழக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். குறுக்குவாட்டில் 240 கோடுகள் அளவுக்குத்தான் அதில் நுணுக்கம் உண்டு என்பது சரி. ஆனால் மேலிருந்து கீழ்வரை வரிகளும், நொடிக்கு 50 முறை பதிந்த அசைவும் கேசட்டில் முழுசாக இருக்கின்றன. போதாததற்குப் பழைய நாடாவில் இரைச்சல் அதிகம். சுருக்கும் மென்பொருள் இரைச்சலையும் விவரம் என்றே எண்ணிப் பிட்டுகளை அதற்குச் செலவிடும். முகத்துக்கு மிஞ்சுவது குறையும். மங்கலான படத்துக்குத்தான் தாராளமான பிட்ரேட் வேண்டும். இடம் அடைக்குமே என்ற வாதமும் இன்று எடுபடாது. கேசட்டை டிவி (DV) என்ற டிஜிட்டல் வீடியோ முறையில் பிடித்தால் மணிக்குச் சுமார் 13 ஜிபி. ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில் எழுபது மணி நேரத்துக்கு மேல் அடங்கும். கைப்பேசியில் பார்க்க மட்டும் போதும் என்பவர்கள் எச்.264-ல் ஒரு சின்னப் பிரதி வைத்துக்கொள்ளட்டும், தவறில்லை.

கவலையெல்லாம் ‘4கே ஆக்கித் தருகிறோம்’ என்ற புது வியாபாரத்தைப் பற்றித்தான். நாடாவில் இல்லாத கண்ணிமையையும் பல்வரிசையையும் செயற்கை நுண்ணறிவு ஊகித்து வரைகிறது. முகம் பளிச்சென்று வரும். ஆனால் அது மறைந்துபோன பாட்டியின் முகம்தானா? மூலம் கையில் இருந்தால் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். மூலம் போய்விட்டால், பேரப்பிள்ளைகளுக்கு அந்த ஊகம்தான் பாட்டி.

கேசட்டுக்கும் அதிக காலம் இல்லை. ஈரக்காற்றில் நாடா பூஞ்சணம் பிடிக்கிறது. விசிஆர் உற்பத்தியும் 2016-ல் நின்றுபோனது. ஓடும் நிலையில் உள்ள டெக்குகள் குறைந்துகொண்டே வருகின்றன. ஆகவே ஸ்டுடியோவுக்குப் போகிறவர்கள் சுருக்கிய எம்பி4-ஓடு திரும்ப வேண்டாம். முதலில் பிடித்த பெரிய ஃபைலைத் தனி ஹார்ட் டிஸ்க்கில் கேட்டு வாங்குங்கள். அதன் இன்னொரு பிரதியை வேறொரு வீட்டில் வையுங்கள். கேசட்டையும் மறக்காமல் திரும்ப வாங்கி வாருங்கள்.