வாவியில் பாடியவர் யார்?

நான் குடியிருக்கும் பல்லேகலவில் கடல் இல்லை. மகாவலி ஆறுதான் உண்டு. ஆயினும் வகுப்பில் 'நீரரமகளிர்' என்ற சொல்லுக்குப் படம் வரையச் சொன்னபோது, பிள்ளைகள் எல்லோரும் இடைக்குக் கீழே மீன்வாலைத்தான் வரைந்தார்கள். "கடற்கன்னிதானே, சேர்?" என்றாள் ஒருத்தி. நானோ பிழையென்று அவள் கொப்பியில் சிவப்புக் கோடு போட்டுவிட்டேன். வீடு வந்த பிறகும் அது மனத்தை உறுத்தியது.

மலையில் வாழும் தெய்வப் பெண்கள் வரையரமகளிர். நீரில் வாழ்வோர் நீரரமகளிர். பழந்தமிழில் நான் படித்தவரை இவர்களுக்கு வால் இல்லை. ஆனால் மட்டக்களப்பில் கதை வேறு.

நிலாக் காலத்தில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் வைத்து மறுமுனையைக் காதோடு சேர்த்தால் இசை கேட்கும் என்பார்கள். 1848இல் அதைக் கேட்ட எமர்சன் டெனன்ட் துரை, கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பை ஈரவிரலால் தேய்த்தாற்போல என்று எழுதினார். அவரிடம் மீனவர்கள் சொன்ன பெயரில் இருந்தது மீன் அல்ல, ஊரி. அதாவது சிப்பி வகை. ஊரியோ மீனோ, ஊருக்கு 'மீன்பாடும் தேன்நாடு' என்ற பெயர் நிலைத்துவிட்டது. விபுலானந்த அடிகள் மட்டும் அந்த இசைக்குப் பழஞ்சொல்லைத் தேடி எடுத்தார். அவர் பாட்டின் பெயர் 'நீரரமகளிர் இன்னிசைப் பாடல்'. ஏழிசையை ஆராய்ந்து, 1947இல் யாழ் நூலை அரங்கேற்றியவர் அல்லவா! அவருக்கு வாலைவிடக் குரல்தான் பெரிதாக இருந்திருக்கும்.

பக்கத்து வீட்டுச் சிங்கள ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். "எங்களுக்கு அவள் தியகிந்துரி" என்றார். கிந்துரி என்றால் கின்னரி. சந்தகிந்துரு ஜாதகக் கதையை வரைந்த விகாரைச் சுவர்களில் அவளுக்கு இடைக்குக் கீழே பறவை உடல். அதன் முன்னால் 'தண்ணீர்' என்ற சொல்லைச் சேர்த்ததும் அவள் மீனாகிவிட்டாள். கிரேக்கரின் சைரன்களும் முதலில் பறவைப் பெண்கள்தாம். பின்னாளில்தான் ஐரோப்பியர் அவர்களுக்கு மீன்வால் வைத்தார்கள். இரண்டு இடத்திலும் உடல் மாறியது, பாட்டு மாறவில்லை.

மறுநாள் அந்தக் கொப்பியைத் திரும்ப வாங்கினேன். "வால் இருக்கட்டும், பிள்ளை. இவள் பாடுகிறவள் என்று படத்தில் எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். அவள் சற்று யோசித்தாள். பிறகு என் சிவப்புக் கோட்டின் மேலேயே யாழ் ஒன்றை வரையத் தொடங்கினாள்.