ஹிட்லர் வருமுன் கேட்ட 271 கேள்விகள்!

பிராங்க்பர்ட் பல்கலைக்கழகத்தின் கதை

பிள்ளைகளை அடிக்காமல் வளர்க்க முடியுமா? கல்யாணமான பெண் வேலைக்குப் போகலாமா? பெண்கள் பவுடர் பூசிக்கொள்வதும் உதட்டுச் சாயம் தீட்டிக்கொள்வதும் உங்களுக்குப் பிடிக்கிறதா? உங்கள் வீட்டுச் சுவரில் என்னென்ன படங்கள் மாட்டியிருக்கிறீர்கள்?

இவை பெண் பார்க்கப் போன இடத்தில் கேட்ட கேள்விகள் அல்ல. 1929-ம் ஆண்டில் ஜெர்மனி நாட்டுத் தொழிலாளர்களிடமும் குமாஸ்தாக்களிடமும் கேட்ட கேள்விகள்!

கேட்டவர்கள், பிராங்க்பர்ட் நகரத்தில் இருந்த ஆராய்ச்சியாளர்கள். 271 கேள்விகள் கொண்ட தாளை அச்சடித்தார்கள். 3,300 பேருக்குக் கொடுத்தார்கள். 1931-ம் ஆண்டு முடிவதற்குள் சுமார் 1,100 பேரின் பதில்கள் வந்து சேர்ந்தன.

வீட்டுச் சமாசாரங்களை இப்படித் துருவித் துருவிக் கேட்டது ஏன்? அதனால் நாட்டுக்கு என்ன பயன்? அதுதான் இந்தக் கதை.

டாக்டர் தொடங்கிய படிப்பு

ஒரு மனிதனுக்கு நோய் வந்தால் டாக்டர் நாடி பிடித்துப் பார்க்கிறார். ஊருக்கே நோய் வந்தால் யார் பார்ப்பது? மனிதர்கள் கூடி வாழும்போது ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள், யார் சொல்லுக்கு அடங்குகிறார்கள், எதற்காகச் சண்டை போடுகிறார்கள் என்று ஆராயும் படிப்பு ஒன்று உண்டு. அதற்குச் சமூகவியல் என்று பெயர்.

பிராங்க்பர்ட் பல்கலைக்கழகம் 1914-ம் ஆண்டில் திறக்கப்பட்டது. அரசன் கட்டிக்கொடுத்த கலாசாலை அல்ல அது. நகரத்துச் செல்வந்தர்கள் கொடுத்த நன்கொடையில் உருவானது. அதில் யூதர்களின் பங்கு மிகப் பெரிது.

சமூகவியலுக்கென்று ஜெர்மனியில் முதல் பேராசிரியர் பதவி இங்கேதான் ஏற்பட்டது. ஆண்டு 1919. அதற்குப் பணம் கொடுத்தவர் கார்ல் கோட்சன்பெர்க் என்ற வியாபாரி. பதவியில் அமர்ந்தவர் பிரான்ஸ் ஓப்பன்ஹைமர். (அணுகுண்டு ஓப்பன்ஹைமர் வேறு, இவர் வேறு.)

இந்த ஓப்பன்ஹைமர், முதலில் நிஜமாகவே டாக்டர்! பெர்லின் நகரில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தவர். வறுமையை ஒழிக்க வழி தேடி, மருந்துப் பெட்டியை மூடிவிட்டுப் பொருளாதாரமும் சமூகவியலும் படித்தார். அவரிடம் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவர்களில் ஒருவர் லுட்விக் எர்ஹார்ட். அந்த மாணவர்தான் 1963-ம் ஆண்டில் மேற்கு ஜெர்மனியின் பிரதமர் ஆனார்.

தானிய வியாபாரியின் மகன்

அர்ஜென்டினா நாட்டில் தானிய வியாபாரம் செய்து பெரும் பணக்காரர் ஆனவர் ஹெர்மன் வைல். அவருடைய மகன் பெலிக்ஸ் வைல். மகனுக்கு வியாபாரத்தில் மனம் செல்லவில்லை. தொழிலாளர் வாழ்க்கையை ஆராய வேண்டும் என்று ஆசைப்பட்டார். தகப்பனார் பணம் கொடுத்தார். 1924-ம் ஆண்டு பிராங்க்பர்ட்டில் "சமூக ஆராய்ச்சி நிலையம்" சொந்தக் கட்டடத்தில் திறக்கப்பட்டது.

பல்கலைக்கழகத்தோடு ஒட்டிய நிலையம் இது. ஓப்பன்ஹைமர் ஓய்வு பெற்றபின், 1930-ம் ஆண்டில் சமூகவியல் பேராசிரியராகக் கார்ல் மான்ஹைம் வந்தார். அவருடைய துறையும் இந்தக் கட்டடத்திலேயே இடம் பெற்றது. அவருக்கு உதவியாளராக வந்தவர் நார்பர்ட் எலியாஸ். அதே சமயத்தில் நிலையத்தின் தலைவர் ஆனவர் மாக்ஸ் ஹோர்க்ஹைமர்.

271 கேள்விகளின் வேலையை நடத்தியவர் எரிக் பிராம். மனநோய் தீர்க்கும் வைத்தியத்தில் பயிற்சி பெற்றவர் அவர்.

பதிலில் ஒளிந்திருந்த உண்மை

பிராம் ஒரு தந்திரம் செய்தார். "நீ எந்தக் கட்சி?" என்று மட்டும் கேட்டால், கட்சிப் பேச்சைத்தான் ஒப்பிப்பார்கள். சுவரில் மாட்டிய படத்தைப் பற்றிக் கேட்டால்? பிள்ளை வளர்ப்பைப் பற்றிக் கேட்டால்? அங்கே மனம் தன்னை அறியாமல் வெளியே வந்துவிடும் அல்லவா!

அப்போது ஜெர்மனியில் ஹிட்லர் கட்சி வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. 1928-ம் ஆண்டுத் தேர்தலில் அதற்குக் கிடைத்தவை 12 இடங்கள். 1930-ல் 107. 1932 ஜூலையில் 230!

ஆனாலும் பலருக்கு நம்பிக்கை இருந்தது. லட்சக்கணக்கான தொழிலாளர்கள் இடதுசாரிக் கட்சிகளில் இருக்கிறார்கள். சர்வாதிகாரி வந்தால் அவர்கள் விடுவார்களா என்று நினைத்தார்கள்.

பதில் தாள்கள் வேறு கதை சொல்லின. மேடையில் சமத்துவம் பேசியவர்களில் பலர், வீட்டுக்குள் வேறு மனிதர்களாக இருந்தார்கள். பிள்ளையை அடித்துத்தான் திருத்த வேண்டும், பெண் அடுப்படியில்தான் இருக்க வேண்டும், பலம் உள்ளவன் சொன்னால் மற்றவன் கேட்க வேண்டும் என்ற எண்ணம் பதில்களில் எட்டிப் பார்த்தது. இடதுசாரிக் கட்சிகளை ஆதரித்தவர்களில், கொள்கையிலும் குணத்திலும் உறுதியாக நின்றவர்கள் நூற்றுக்குச் சுமார் 15 பேர்தான் என்று கணக்கு வந்தது.

சோதனை வரும்போது எத்தனை பேர் எதிர்த்து நிற்பார்கள்? அந்த எண்ணிக்கையைப் பார்த்தாலே விடை தெரிந்தது.

பூட்டு விழுந்தது

1933 ஜனவரி 30-ந் தேதி ஹிட்லர் பிரதமர் ஆனார். மார்ச் 13-ந் தேதி ஆராய்ச்சி நிலையத்துக்குப் போலீசார் வந்தார்கள். கதவைப் பூட்டினார்கள். நிலையத்தில் இருந்த சுமார் 60,000 புத்தகங்கள் பறிபோயின. நாட்டுக்கு விரோதமான போக்கு உடையது என்று சொல்லி, ஜூலை மாதம் அரசு நிலையத்தின் சொத்தையே எடுத்துக்கொண்டது. நாஜி மாணவர் சங்கம் அந்தக் கட்டடத்தில் குடியேறியது!

ஏப்ரலிலேயே மான்ஹைமின் வேலை போய்விட்டது. ஹோர்க்ஹைமரின் வேலையும் போயிற்று. பல்கலைக்கழகம் முழுவதிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆசிரியர்கள் வெளியேற்றப்பட்டார்கள். காரணம், அவர்கள் யூதர்கள். அல்லது அரசியல் பிடிக்காதவர்கள்.

மான்ஹைம் லண்டனுக்குப் போனார். வயதான ஓப்பன்ஹைமர் 1938-ல் நாட்டை விட்டு வெளியேறினார். 1943-ல் அமெரிக்காவில் கண் மூடினார்.

எலியாஸ் பாரிசுக்குப் போய், பிறகு இங்கிலாந்தில் அகதி ஆனார். அங்கே நூல் நிலையத்தில் உட்கார்ந்து பெரிய புத்தகம் ஒன்றை எழுதி முடித்தார். சாப்பாட்டு மேஜையில் எப்படி நடந்துகொள்வது, எங்கே துப்புவது, எங்கே துப்பக் கூடாது என்பதெல்லாம் நூற்றாண்டுக்கு நூற்றாண்டு எப்படி மாறின என்று சொல்லும் புத்தகம் அது. 1939-ல் வெளிவந்தது. யுத்த சமயம், வாங்குவார் இல்லை. அவருடைய தாயார் நாஜிகள் கையில் சிக்கி உயிர் இழந்தார்.

மாணவி ஒருத்தியின் கதையும் உண்டு. பெயர் கிசேல் பிராயண்ட். புகைப்படக் கலையின் சரித்திரத்தைச் சமூகவியல் கண்ணோடு ஆராய்ந்துகொண்டிருந்தவர். 1933-ல் பாரிசுக்குத் தப்பினார். ஆராய்ச்சியை அங்கே முடித்துப் பட்டம் வாங்கினார். உலகப் புகழ் பெற்ற புகைப்படக்காரர் ஆனார். 1981-ல் பிரான்சு நாட்டு ஜனாதிபதி மித்தரானின் அரசாங்கப் படத்தை எடுத்தவர் அவரே!

கடல் கடந்த தாள்கள்

ஹோர்க்ஹைமர் முன்யோசனை உள்ளவர். ஆபத்து வருமுன்பே நிலையத்தின் பணத்தை வெளிநாட்டுக்கு மாற்றியிருந்தார். சுவிட்சர்லாந்தில் ஜெனீவா நகரில் கிளையும் திறந்திருந்தார். அங்கிருந்து நிலையம் அமெரிக்கா சேர்ந்தது. 1934-ல் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகம் இடம் கொடுத்தது.

பதில் தாள்கள்? ஊர் விட்டு ஊர் போனதில் பாதி தொலைந்தன. மிஞ்சியவை 584. அவற்றையாவது புத்தகமாக வெளியிடலாமா என்பதிலும் ஆராய்ச்சியாளர்களுக்குள் ஒற்றுமை இல்லை. 1939-ல் பிராம் நிலையத்தை விட்டே விலகினார். புத்தகம் ஜெர்மனியில் வெளிவந்தது 1980-ம் ஆண்டில். அதே ஆண்டு மார்ச் மாதம் பிராம் காலமானார். ஹிட்லர் வருமுன் எழுதிய பதிலை நாடு படித்தபோது, ஹிட்லர் செத்து 35 ஆண்டுகள் ஆகியிருந்தன!

ஆனால் அந்த ஆராய்ச்சி வீண் போகவில்லை. நிலையத்தைச் சேர்ந்த தியோடோர் அடோர்னோவும் அமெரிக்க ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து, அமெரிக்காவில் 2,000-க்கு மேற்பட்டவர்களிடம் கேள்விகள் கேட்டார்கள். சர்வாதிகாரிக்குத் தலை ஆட்டும் குணம் எப்படிப்பட்டது என்பதைப் பற்றி 1950-ல் அவர்கள் வெளியிட்ட புத்தகம் உலகெங்கும் பேசப்பட்டது. குழந்தைப் பருவத்தில் கிடைத்த வளர்ப்பை அந்தப் புத்தகம் முக்கியமாக எடுத்துப் பேசியது.

இடிபாட்டில் மீண்டும்

1944-ல் குண்டு வீச்சில் பழைய கட்டடம் நாசமாயிற்று. யுத்தம் முடிந்தது. துரத்திய ஊருக்கே ஹோர்க்ஹைமரும் அடோர்னோவும் திரும்பி வந்தார்கள்! 1951 நவம்பரில் நிலையத்தின் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஹோர்க்ஹைமர் பல்கலைக்கழகத்தின் தலைவர் ஆனார். பூட்டிய கதவு திறந்ததோடு, முழுச் சாவிக் கொத்தும் அவர் கைக்கு வந்தது.

வந்ததும் மறுபடி கேள்விகள். இம்முறை சுமார் 1,800 பேர். சிறு சிறு கூட்டமாக உட்கார வைத்தார்கள். ஜெர்மானியர்களைப் பற்றி வெளிநாட்டுச் சிப்பாய் ஒருவர் எழுதியதாக ஒரு கடிதத்தை ஒலிப்பதிவு செய்து போட்டுக் காட்டினார்கள். அது ஆராய்ச்சியாளர்களே தயாரித்த கடிதம். பிறகு எல்லோரையும் பேச விட்டு, பேச்சைப் பதிவு செய்தார்கள்.

நடந்த கொடுமைக்கு நமக்கும் பொறுப்பு உண்டு என்று ஒப்புக்கொள்ள மனம் வராதவர்கள் ஏராளம். எங்களுக்குத் தெரியாது என்றவர்கள் உண்டு. மற்ற நாட்டார் மட்டும் யோக்கியமா என்று பேச்சை மாற்றியவர்களும் உண்டு. 1955-ல் இந்த ஆராய்ச்சி வெளிவந்தபோது, கசப்பு மருந்து குடித்தது போல் சிலர் முகம் சுளித்தார்கள்.

1966-ல் அடோர்னோ வானொலியில் பேசினார். லட்சக்கணக்கானவர்களைக் கொன்ற ஆஷ்விட்ஸ் முகாம் போன்ற கொடுமை இனி நடக்காமல் தடுப்பதே கல்வியின் முதல் கடமை என்றார். வலியைப் பொறுக்கப் பழக்குகிறோம் என்று குழந்தைகளைக் கடுமையாக நடத்தும் வளர்ப்பைக் கண்டித்தார். தன் வலியை மறைக்கக் கற்றவன், பிறர் வலியையும் மதிக்க மாட்டான் என்பது அவர் வாதம். 1929-ல் கேட்ட முதல் கேள்வி இப்போது வானொலி வழியாக வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது.

மாணவர் கோபம்

குருவுக்கும் சோதனை வந்தது. 1968-ல் மாணவர் கிளர்ச்சி எழுந்தது. அதிகாரத்துக்கு அடங்காதே என்று சொல்லிக் கொடுத்தவர்களையே மாணவர்கள் எதிர்த்தார்கள். 1969 ஜனவரியில் மாணவர்கள் நிலையத்துக்குள் நுழைந்தபோது அடோர்னோ போலீசை அழைத்தார். பல மாணவர்கள் கைதானார்கள். அந்த மனவேதனை ஆறுமுன், ஆகஸ்டு மாதம் அவர் மாரடைப்பால் காலமானார்.

எலியாசுக்கு மட்டும் நல்ல காலம் தாமதமாக வந்தது. 1939-ல் விலை போகாத புத்தகம் 1969-ல் மறுபடி அச்சாகி, பிறகு ஆயிரக்கணக்கில் விற்றது. 1977-ல் பிராங்க்பர்ட் நகரம் அடோர்னோ பெயரால் ஏற்படுத்திய பரிசின் முதல் பரிசு அவருக்கே கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 80!

இடிந்த கோபுரம், இடியாத துறை

1971-ல் சமூகவியலும் அரசியல் விஞ்ஞானமும் ஒரே பிரிவாகச் சேர்ந்தன. 116 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்றில் வெகு காலம் வகுப்புகள் நடந்தன. 2013-ல் இந்தப் பிரிவு புதிய இடத்துக்கு மாறியது. 2014 பிப்ரவரி 2-ந் தேதி வெடி வைத்துக் கோபுரத்தைத் தகர்த்தார்கள். சில விநாடிகளில் மண்ணோடு மண்ணாயிற்று!

கேள்விகள் மட்டும் நிற்கவில்லை. பெண்கள் நிலையை ஆராய்வதற்கென்று ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் முதல் பேராசிரியர் பதவி 1987-ல் இங்கே ஏற்பட்டது. ஊட்டே கெர்ஹார்ட் என்ற பெண்மணி அதில் அமர்ந்தார். பெண்ணுக்கு அடுப்படிதானா என்று ஆண்களிடம் கேட்ட ஊரில், அதே கேள்வியை ஆராயும் பேராசிரியராக ஒரு பெண்ணே வந்துவிட்டார்.

பிள்ளைகளை அடிப்பது பற்றிய கேள்விக்கு ஜெர்மனி சட்டத்திலேயே பதில் எழுதிவிட்டது. அடி உதை இல்லாமல் வளர்வது ஒவ்வொரு குழந்தையின் உரிமை என்ற சட்டம் 2000-ம் ஆண்டில் வந்தது.

வீட்டில் பயந்து பயந்து அடங்கி வளரும் பிள்ளை, நாட்டிலும் மிரட்டுகிறவனுக்கு எளிதில் அடங்கிவிடும். 584 தாள்கள் சொன்ன சேதி இதுதான். பிள்ளை கேள்வி கேட்டால் வாயை மூடச் சொல்லாமல், பதில் சொல்கிற பெற்றோர் நாட்டுக்கும் நன்மை செய்கிறார்கள்.