குட்டிகளுக்காக ஒரு கணக்கு நோட்டு

கார்த்திகை, மார்கழி பிறந்துவிட்டால் போதும், எங்கள் தெருவில் மூலைக்கு மூலை நாய்க்குட்டிகள் முளைத்துவிடும். தெரு நாய்கள் பெரும்பாலும் மழைக்காலத்தை ஒட்டித்தான் குட்டி போடுகின்றன. அந்தக் குட்டிகளைப் பார்த்து "ஐயோ பாவம்" என்று சொல்லாத பெண்கள் நம்மில் யார்? மிச்சச் சாதத்தைப் பிசைந்து வைக்கவும் செய்கிறோம். ஆனால் குட்டி நோயில் படுத்துவிட்டால்? டாக்டர், ஊசி, மருந்து என்று ஆயிரக்கணக்கில் செலவாகுமே, யார் கொடுப்பது? அந்த இடத்தில்தான் நம் இரக்கம் வாசற்படியோடு நின்றுவிடுகிறது.

சென்னையில் எங்கள் தெருப் பெண்கள் நாலு பேர் சேர்ந்து போன மார்கழியில் அந்த வாசற்படியைத் தாண்டினோம். எப்படிப் பணம் சேர்த்தோம், எப்படிச் செலவழித்தோம் என்று சொன்னால் உங்களுக்கும் உதவுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

பாதி கட்டி நின்றுபோன ஒரு வீட்டில் நாலு குட்டிகள். வயசு இரண்டு மாசம் இருக்கும். தாய் நாயைக் காணோம். ஒரு நாள் காலை இரண்டு குட்டிகள் ஓயாமல் வாந்தி எடுத்தன. ரத்தமாகப் பேதி போயிற்று. பக்கத்தில் இருக்கும் கால்நடை டாக்டரிடம் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பார்த்தவுடனேயே, "பார்வோ மாதிரி இருக்கும்மா" என்றார். பரிசோதனையிலும் அதுவேதான். மறுநாள் மூன்றாவது குட்டியும் படுத்துவிட்டது.

பார்வோ என்றால் என்ன?

1978-ல் நாய்களிடம் கண்டறியப்பட்ட வைரஸ் இது. நோயுற்ற நாயின் மலத்தின் வழியாகப் பரவுகிறது. குடலின் உள்தோலை அரித்து, ரத்தத்தின் வெள்ளை அணுக்களையும் குறைத்துவிடும். வைரஸை நேராகக் கொல்ல எளிதில் கிடைக்கும் மருந்து இல்லை. வாந்தி பேதியில் போகும் நீரை சலைன் ஏற்றி ஈடுகட்டுவார்கள். வாந்தியை நிறுத்தவும், வேறு கிருமிகள் உள்ளே புகாமல் தடுக்கவும் ஊசி போடுவார்கள். குட்டியின் உடம்பு தானாகப் போராடி ஜெயிக்கும்வரை அதை உயிரோடு நிறுத்தி வைப்பதுதான் வைத்தியம். சிகிச்சை தாமதித்தால் இரண்டு மூன்று நாளிலேயே உயிர் போய்விடும்.

வேப்பேரியில் 1903 முதல் இருந்துவரும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரியில் செலவு குறைவுதான். ஆனால் தினமும் மணிக்கணக்கில் சலைன் ஏற வேண்டிய குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்வர எங்களுக்குத் தொலைவு. அதனால் பக்கத்து டாக்டரிடமே விட்டோம். தன் ஃபீஸ் வேண்டாம் என்றார் அவர். மருந்துக்கும் சலைனுக்கும் மட்டும் ஒரு குட்டிக்கு ஒரு நாளைக்கு 700 ரூபாய், ஐந்து நாள் ஆகலாம் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். மூன்று குட்டிக்கு 10,500 ரூபாய்! எனக்கு மயக்கமே வந்துவிட்டது.

சிறுவாட்டுப் பணம் கைகொடுத்தது

வசூல் ஆகட்டும் என்று நோய் காத்திருக்காது. நாலு பேரும் சிறுவாட்டுப் பணத்திலிருந்து ஆளுக்கு 1,000 ரூபாய் போட்டு வைத்தியத்தை ஆரம்பிக்கச் சொல்லிவிட்டோம். அன்று சாயங்காலமே வீடு வீடாகக் கிளம்பினோம்.

என்னவர், "நாய்க்குப் பணம் கேட்டால் யார் தருவார்கள்?" என்று சிரித்தார். அவர் சொன்னதும் பொய்யில்லை. "மனுஷாளுக்கே வைத்தியம் பார்க்க வழியில்லை, நாய்க்கு என்ன வந்தது?" என்று எதிர் வீட்டு மாமி கேட்டார். ஒரு வீட்டில் கதவையே திறக்கவில்லை. இன்னொருவர், "இந்தப் பணம் குட்டிக்குத்தான் போகும் என்று என்ன நிச்சயம்?" என்று முகத்துக்கு நேரே கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் நியாயமான கேள்விதானே? நம் பெயரைச் சொல்லி யார் யாரோ வசூல் செய்யும் காலம் இது.

அன்றிரவே ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டோம். முதல் பக்கத்தில் டாக்டர் எழுதிய சீட்டை ஒட்டினோம். வரவு இடப்பக்கம், செலவு வலப்பக்கம். ஒவ்வொரு நாளும் இரண்டு பேர் கையெழுத்து. ஆஸ்பத்திரி பில் அத்தனையும் ஒட்டியாயிற்று. போனில் பணம் அனுப்புகிறவர்களை நேராக டாக்டரின் கணக்குக்கே அனுப்பச் சொன்னோம். நோட்டை மூலைக் கடையில் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம்.

அதற்கப்புறம் வசூலின் போக்கே மாறிவிட்டது! முந்தின நாள் கேள்வி கேட்டவரே 500 ரூபாய் கொடுத்தார். தெருமுனையில் துணி தேய்க்கும் பெண் 20 ரூபாயோடு, "குளிருதுக்கா, குட்டிங்களுக்குக் கீழே போடுங்க" என்று இரண்டு கோணிப் பையும் கொடுத்தாள். அதையும் நோட்டில் எழுதினோம்.

பணம் கேட்டால் தயங்குகிற வீட்டில் பழைய பேப்பர் கேட்டால் சிரித்த முகத்தோடு எடுத்துக் கொடுக்கிறார்கள். தெரு முழுக்கச் சேர்ந்தது 175 கிலோ. கிலோ 12 ரூபாய் என்று எடுத்துக்கொண்டார் பேப்பர்காரர். ஞாயிற்றுக்கிழமை முறுக்கும் தட்டையும் சுட்டு, வடாம் பாக்கெட் போட்டு விற்றோம். குழந்தைகள் அட்டையில் எழுதிக்கொண்டு வீடு வீடாகப் போய் ஆர்டர் பிடித்தார்கள்.

ஒரு குட்டி போய்விட்டது

மூன்றாம் நாள் விடியற்காலையில், முதலில் படுத்த குட்டிகளில் சின்னது இறந்துவிட்டது. என் மகள் அழுத அழுகையைச் சொல்லி மாளாது. "செத்துப் போகிறதுக்கா இத்தனை செலவு?" என்ற பேச்சும் வந்தது. மறைக்க வேண்டாம் என்று நோட்டிலேயே எழுதினோம்: "சின்னக் குட்டி இறந்துவிட்டது. இரண்டு நாள் வைத்தியச் செலவு 1,400 ரூபாய்." அதைப் படித்த பிறகும் யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. மாறாக, அன்றுதான் எதிர் வீட்டு மாமி 200 ரூபாயை என் கையில் திணித்து, "மத்த ரெண்டையாவது காப்பாத்துடி" என்றார்.

மற்ற இரண்டும் ஐந்தாம் நாள் தாமாகவே தண்ணீர் குடித்தன. மொத்தக் கணக்கு இதுதான்:

வரவு: ரொக்கமாகவும் போனிலும் 6,850, பேப்பர் 2,100, பலகாரத்தில் லாபம் 2,450. ஆக 11,400 ரூபாய்.

செலவு: மருந்து, சலைன் 8,400, ஆட்டோ 600. ஆக 9,000 ரூபாய்.

எங்கள் முன்பணத்தை எடுத்துக்கொண்டது போக மிச்சம் 2,400. குட்டிகள் நன்றாகத் தேறிய பிறகு, நோயே வராமல் தப்பிய நாலாவதையும் சேர்த்து மூன்றுக்கும் முதல் தடுப்பூசி போட்டோம், அதற்கு 1,800. மீதி 600 ரூபாய் அடுத்த ஊசிக்கு இருக்கிறது. ஆறு முதல் எட்டு வார வயசில் தொடங்கி, மூன்று நாலு வாரத்துக்கு ஒரு முறை என்று 16 வாரம் ஆகும்வரை போட வேண்டும். வெறிநாய்க்கடி ஊசி தனி. மூன்று மாச வயசில் போடுவார்கள்.

குழந்தை உள்ள வீட்டார் கவனிக்க

நாய்க்கு வரும் பார்வோ மனிதர்களுக்கு ஒட்டாது. ஆனால் குட்டிகளின் வயிற்றுப் புழு குழந்தைகளுக்கு வரலாம். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வையுங்கள். குட்டி கடித்தாலோ பிராண்டினாலோ, "குட்டிதானே" என்று விட்டுவிடக் கூடாது. காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றே டாக்டரிடம் போய்விடுங்கள்.

வாந்தி எடுக்கும் குட்டிக்குப் பால் ஊற்றாதீர்கள், பேதி அதிகமாகும். நோய் கண்ட குட்டியை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். அது கிடந்த இடத்தில் வைரஸ் மாசக்கணக்கில் இருக்கும். ஃபினைலை நம்ப முடியாது. அழுக்கை நன்றாகக் கழுவிவிட்டு, கடையில் விற்கும் ப்ளீச் திரவம் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிஷம் ஊற விடுங்கள். தடுப்பூசி போடாத நாய் உங்கள் வீட்டில் இருந்தால், அந்தப் பக்கம் கூட்டிப் போகவே வேண்டாம்.

1959-ல் சென்னையில் தொடங்கிய ப்ளூ கிராஸ் போன்ற பெரிய அமைப்பும் பலர் கொடுக்கும் நன்கொடையை நம்பித்தான் நடக்கிறது. எல்லாக் குட்டியையும் அவர்கள் தலையிலேயே கட்டிவிட முடியுமா? சகோதரிகளே, குட்டி நோயில் விழுந்த பிறகு ஓடுவதைவிட, மாசா மாசம் பழைய பேப்பர் காசை ஓர் உண்டியலில் போட்டு வையுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டும் வாங்கிவிடுங்கள்!