நகரமும் செவியும் – 9: டெண்டரில் ஏறாத சத்தம்

கான்கிரீட் இறுகியதும் சென்ட்ரிங் பிரிப்பார்கள். இரண்டாம் மாடியிலிருந்து இரும்புத் தகடுகள் ஒவ்வொன்றாகத் தரையில் வந்து விழும். பக்கத்து வீட்டுத் தூளியில் குழந்தை தூங்கினால், தகட்டுக்கு ஒரு முறை திடுக்கிட்டு அழும். கயிறு கட்டி இறக்கினால் இந்தச் சத்தமே கிடையாது. இன்னும் ஓர் ஆள், இன்னும் கொஞ்சம் நேரம், அவ்வளவுதான். அதற்கென்று யாரும் கூலி ஒதுக்கவில்லை. அதனால் யாரும் செய்வதில்லை.

சென்ற வாரம் ஹாரனைப் பார்த்தோம். கட்டுமானச் சத்தம் வேறு வகை. ஹாரன் அடிப்பவர் நினைத்தால் அந்த நொடியே நிறுத்தலாம். கட்டுமானத்தின் சத்தமோ மேஸ்திரி வேலைக்கு வருவதற்கு முன்பே, ஒப்பந்தம் எழுதும் மேசையில் முடிவாகிவிடுகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலம்; அங்கே 50, 40. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. 2010-ல் வந்த திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போனது: இந்த இரண்டு பகுதிகளிலும் சத்தம் எழுப்பும் கட்டுமான இயந்திரங்களை இரவில் இயக்கவே கூடாது.

பிறகு ஏன் ராத்திரி ஒரு மணிக்கு ரெடிமிக்ஸ் லாரி வந்து உறுமுகிறது? ஒப்பந்ததாரரின் அடாவடி என்று மட்டும் தள்ளிவிட முடியாது. பெரிய நகரங்களில் பகலில் கனரக வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. அதனால் கான்கிரீட் ராத்திரியில்தான் வருகிறது, தோண்டிய மண்ணும் ராத்திரியில்தான் போகிறது. சென்னையில் மெட்ரோவின் சுரங்க நிலையங்களுக்காக எழுப்பும் டயாஃப்ரம் சுவரையே பாருங்கள். ஆழமான அகழி வெட்டி, கம்பிக் கூண்டை இறக்கி, குழாய் வழியாக அடியிலிருந்து கான்கிரீட்டை நிரப்பிக்கொண்டே மேலே வர வேண்டும். நடுவில் நிறுத்தினால் பழைய கான்கிரீட்டும் புதியதும் சரியாக ஒட்டாது. பின்னாளில் அந்த இடத்தில் தண்ணீர் கசியும். பத்து மணி ஆனதும் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் போகிற வேலை இல்லை அது. போக்குவரத்து விதி ராத்திரி வா என்கிறது. ஒலி விதி ராத்திரி வராதே என்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்பவர் எதிர்வீட்டு மாடியில் புரண்டு படுப்பவர்தான்.

அவர் புகார் கொடுக்கலாம். மாவட்ட ஆட்சியர், போலீஸ் கமிஷனர், அல்லது இதற்கென நியமிக்கப்பட்ட, டி.எஸ்.பி. பதவிக்குக் குறையாத அதிகாரி விசாரிக்கலாம். இரவுத் தடையை மீறினாலே புகார் கொடுக்கலாம். ஆனால் பகலில், அளவு 10 டெசிபலோ அதற்கு மேலோ மீறியிருந்தால்தான் புகார் என்கிறது விதி. 10 என்பது சின்ன எண்ணாகத் தெரியும். ஒரு ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் அதே போன்ற இன்னொன்றை ஓட்டினால் 3 டெசிபல்தான் கூடும். 10 டெசிபல் கூட வேண்டுமானால் மொத்தம் பத்து ஜெனரேட்டர் ஓட வேண்டும். பகலில் அத்தனைக்கும் பிறகுதான் குடிமகனுக்கு வாய் திறக்க உரிமை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சிங்கப்பூர் இதை வேறு விதமாக அணுகுகிறது. வீடுகளிலிருந்து 150 மீட்டருக்குள் இருக்கும் கட்டுமானத் தளத்துக்குப் பகலில் 75 டெசிபல் வரை அனுமதி. மாலை 7 மணிக்கு மேல் 65, இரவு 10-க்கு மேல் 55. நம்முடைய எண்களைவிட இவை தாராளமானவை. ஆனால் அவை கட்டுமானத் தளத்துக்கென்றே வகுத்தவை, அளந்து பார்க்கிறார்கள், மீறினால் அபராதம் விழுகிறது. சனி இரவு 10 மணி முதல் திங்கள் காலை 7 மணி வரை இந்தத் தளங்களில் வேலையே கூடாது. நம் 55-ஐ, கான்கிரீட்டைக் கொத்தும் பிரேக்கர் மாட்டிய இயந்திரம் எதுவும் எட்டப்போவதில்லை. எட்ட முடியாத எண் யாரையும் கட்டுப்படுத்தாது.

இன்னும் எனக்குப் பிடித்த உதாரணம் அமெரிக்காவின் பாஸ்டன். நகர நடுவே இருந்த மேம்பாலச் சாலையைப் பூமிக்கு அடியில் கொண்டுபோன ‘பிக் டிக்’ திட்டம் 1991-ல் தொடங்கியது. செலவு பல மடங்கு எகிறியது. 2006-ல் சுரங்கத்தின் கூரைப் பலகை விழுந்து ஒரு பெண் இறந்தார். குறை சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் சத்தத்துக்கான வரம்புகளை ஒப்பந்த நிபந்தனையிலேயே எழுதினார்கள். இரவு வேலையைத் தவிர்க்க முடியாத இடங்களில் பக்கத்து வீட்டு ஜன்னல்களுக்குத் திட்டச் செலவிலேயே ஒலித்தடுப்பு அமைத்துக் கொடுத்தார்கள். லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது அடிக்கும் ‘பீப் பீப்’பைக்கூட விடவில்லை, இரவில் அதன் சத்தத்தைக் குறைக்க ஏற்பாடு செய்தார்கள்.

தொழில்நுட்பம் ஒன்றும் எட்டாக்கனி இல்லை. ஜப்பானின் கொச்சி நகரில் 1975-லேயே, பைலைச் சம்மட்டியால் அடிக்காமல் அழுத்தியே இறக்கும் இயந்திரத்தைச் செய்துவிட்டார்கள். பழைய கட்டடத்தை இடிக்க, கொத்தும் பிரேக்கருக்குப் பதிலாக கான்கிரீட்டை நெரித்து உடைக்கும் கிரஷர் இருக்கிறது. தடுப்பு வைப்பதென்றால் கனமாக, இடைவெளி இல்லாமல், இயந்திரத்தை மறைக்கும் உயரத்துக்கு வைக்க வேண்டும். நம் சாலையோரத் தகர அடைப்பு ஆளும் வண்டியும் உள்ளே வராமல் காக்கும். அடியில் ஒரு சாண் சந்து இருக்கிறபோது சத்தத்தை எப்படித் தடுக்கும்?

தளத்துக்குள்ளேயே தகரக் கொட்டகையில் தூங்கும் தொழிலாளிகளை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. பகலெல்லாம் கட்டிங் மெஷினைப் பிடித்தவருக்கு இரவிலும் அதே சத்தம்தான். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல்தான் வரம்பு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தேசியத் தொழில் பாதுகாப்பு, சுகாதார நிறுவனத்தின் (NIOSH) பரிந்துரை. அதன்படி 94 டெசிபல் என்றால் ஒரு மணி நேரம்தான்.

நியூயார்க்கில் 2007 முதல் ஒவ்வொரு கட்டுமானத் தளமும் தன் சத்தத்தை எப்படிக் குறைக்கும் என்று திட்டம் எழுதி வைத்திருக்க வேண்டும். சென்னையில் கட்டடங்களுக்கு அனுமதி தரும் சி.எம்.டி.ஏ. அதையே திட்ட அனுமதியோடு சேர்த்துக் கேட்கலாம்: எந்த இயந்திரம், எத்தனை மணி வரை, எந்தெந்த ராத்திரிகளில் கான்கிரீட், தெருவுக்கு எத்தனை நாள் முன்னால் தகவல், ராத்திரியில் கூப்பிட்டால் எடுக்கிற போன் நம்பர் எது. சுரங்கம், பாலம் போன்ற அரசுப் பணிகளில் ஒலித்தடுப்புக்கென்று டெண்டரில் தனி இனம், தனித் தொகை வேண்டும். தொகை இருந்தால் விலை குறித்து டெண்டர் எடுப்பவர் அதைச் செய்தே ஆக வேண்டும். செய்யாவிட்டால் பில்லில் பிடிக்கலாம்.