மறைந்த ஒரு தொகுதி

பிழைப்பு நாடிப் பிற மாநிலம் சென்ற நம்மவர்க்குப் 'பம்பாய் நகர் வடக்கு' என்னும் பழைய நாடாளுமன்றத் தொகுதியின் வரலாற்றைக் கூற விரும்புகிறோம். 1952இல் அது இரட்டை உறுப்பினர் தொகுதி. டாக்டர் அம்பேத்கர் காங்கிரஸின் கஜ்ரோல்கரிடம் தோற்றது இங்கேதான்!

1957இல் மலபாரில் பிறந்த வி. கே. கிருஷ்ண மேனன் இங்கு வென்றார். 1962இல் ஆச்சாரிய கிருபளானியையும் பெரும் வாக்கு வேறுபாட்டில் வென்றார். தென்னாட்டவர் ஒருவரை அந்நகரம் இருமுறை தன் பிரதிநிதியாக ஏற்றது சிறு செய்தியன்று.

1967 தேர்தலுக்கு முன் எல்லைகள் திருத்தப்பட்டன. பழைய பெயர் மறைந்து வடகிழக்குத் தொகுதி தோன்றிற்று. மேனன் வெளியூரார் என்ற பேச்சு எழுந்தது. காங்கிரஸ் இடம் மறுக்கவே, சுயேச்சையாக நின்று தோற்றார். 1969 இடைத்தேர்தலில் அவரைத் தேர்ந்தெடுத்தது வங்காளத்து மேதினிப்பூர். அங்கும் அவர் வெளியூராரே.