ஒரே ஊர், இரண்டு திருமணச் சட்டங்கள்

மட்டாஞ்சேரி அரண்மனையிலிருந்து கோட்டைக் கொச்சிக் கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். 1956 வரை அந்த நடையில் ஓர் எல்லையைத் தாண்ட வேண்டியிருந்தது. மட்டாஞ்சேரி கொச்சி சமஸ்தானத்து மண், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் பகுதி. கோட்டைக் கொச்சியோ மலபார் மாவட்டத்தைச் சேர்ந்த ‘பிரிட்டிஷ் கொச்சி’. அதற்குச் சட்டம் வந்தது சென்னையிலிருந்து.

எல்லை மாறினால் திருமணமும் மாறியது. மருமக்கத்தாயம் என்ற தாய்வழி முறையைப் பின்பற்றிய நாயர்களின் ‘சம்பந்தம்’ எனும் மணவுறவு கொச்சி சமஸ்தானத்தில் 1920-இலேயே சட்டப்படியான திருமணமாகிவிட்டது. சென்னை மாகாணத்தில் 1896 முதல் பதிவு செய்தால் மட்டுமே அது செல்லும். பதிவில்லாமலே அதைத் திருமணமாக ஏற்க 1933 ஆனது. ஒரே சடங்கு, ஒரே சமூகம், நடுவில் சில தெருக்கள்தான்!

அந்த எல்லை இன்னும் முழுதாக அழியவில்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய கிறிஸ்தவத் திருமணச் சட்டம் பழைய திருவிதாங்கூர்-கொச்சிப் பகுதிகளுக்குப் பொருந்தாது என்று அதன் முதல் பிரிவே சொல்கிறது. ஆகவே கோட்டைக் கொச்சிக்குப் பொருந்தும் சட்டம் மட்டாஞ்சேரிக்குப் பொருந்தாது. இரண்டும் இன்று ஒரே மாநகராட்சிக்குள் இருக்கின்றன.

தன்பாலினத் திருமணத்தை டெல்லி முடிவு செய்ய வேண்டுமா, மாநிலங்களா என்று கேட்பவர்கள் இந்த வரலாற்றிலிருந்து தொடங்கலாம். திருமணமும் மணவிலக்கும் அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில், பொதுப்பட்டியலின் 5-ஆம் இனத்தில் இருக்கின்றன. நாடாளுமன்றமும் சட்டம் இயற்றலாம், சட்டமன்றமும் இயற்றலாம். இரண்டும் மோதினால் நாடாளுமன்றச் சட்டமே நிற்கும். ஆனால் அரசமைப்புச் சட்டத்தின் 254(2) ஒரு வழி வைத்திருக்கிறது: குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்துவிட்டால், அந்த மாநிலத்துக்குள் மாநிலச் சட்டம் மேலோங்கும்.

தமிழ்நாட்டில் இதைச் செய்து காட்டியவர் அண்ணா. புரோகிதரும் தீவலமும் இல்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. 1967-இல் அண்ணா அரசு மத்தியச் சட்டமான இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ போதும். முன்பே நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லுபடியாயின. அண்மையில் உத்தராகண்ட் 2024-இல் தனக்கென ஒரு பொதுச் சிவில் சட்டமே இயற்றிக்கொண்டது. அதன் உள்ளடக்கத்தோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் மாநிலத்தின் அதிகாரம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அது காட்டிவிட்டது.

கேரளத்தின் ஆண் இணை ஒன்று 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தை எதிர்த்து 2020-இல் எர்ணாகுளத்திலுள்ள உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இத்தகைய வழக்குகளையெல்லாம் தன்னிடம் மாற்றிக்கொண்டது. அதே ஆண்டு அக்டோபர் 17 அன்று ஐந்து நீதிபதிகளும், திருமணம் செய்துகொள்ளும் அடிப்படை உரிமை என ஒன்று இல்லை, சட்டம் இயற்றுவது சட்டமியற்றும் அவைகளின் வேலை என்றார்கள். அன்றைய தலைமை நீதிபதி சந்திரசூட் தம் தீர்ப்பில், இந்த அதிகாரம் நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றங்களுக்கும் உண்டு என்று தெளிவாகவே எழுதினார். தீர்ப்பு ஏமாற்றமளித்தது உண்மைதான். ஆனால் இந்த வரியைப் பலரும் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள் என்பது என் வருத்தம்.

மாநில வழியில் சிக்கல் இல்லாமலில்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் 2004-இல் தொடங்கியது. நாடு முழுவதும் உரிமை வர 2015 ஆனது. இடைப்பட்ட பதினோரு ஆண்டுகளில் ஒரு மாநிலத்தில் கணவராக இருந்தவர் அடுத்த மாநிலத்தில் யாருமில்லை என்றானார். கொச்சியில் பதிவான இணை மாநில எல்லையான வாளையாரைத் தாண்டிக் கோவை மருத்துவமனையில் சேர்ந்தால், கையெழுத்திடும் உரிமை யாருக்கு? வருமான வரியும் மத்திய அரசு ஓய்வூதியமும் டெல்லியின் கையில். குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் மத்திய அமைச்சரவையின் அறிவுரைப்படிதான் வரும்.

முடிவில் நாடு முழுவதற்கும் ஒரே உரிமைதான் வேண்டும். அதற்காக எல்லோரும் டெல்லியைப் பார்த்துக் காத்திருக்கத் தேவையில்லை. திருநர் கொள்கையை 2015-இல் முதன்முதலாக வெளியிட்ட மாநிலம் கேரளம். தன்பாலின இணைகளைப் பதிவு செய்யும் மசோதாவையும் கேரளச் சட்டமன்றமே முதலில் நிறைவேற்றி டெல்லிக்கு அனுப்பட்டும். தமிழ்நாடு அடுத்ததாக அனுப்பட்டும்.