ஆணி அடித்த ஜன்னல்

மேற்குத் தாம்பரத்தில் இருக்கும் எங்கள் வீடு என் மாமனார் 1984ல் கட்டியது. மொத்தம் ஏழு ஜன்னல்கள். எல்லாம் வேப்பமரச் சட்டம், கண்ணாடி பதித்த இரட்டைக் கதவு, உள்பக்கம் இரும்புக் கம்பி. இதில் மாமியார் அறை ஜன்னல் மட்டும் மூன்று வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் திறக்கப்படவே இல்லை. ஏன் என்று யாராவது கேட்டால் வெட்கமாகத்தான் இருக்கும். ஒரு தாழ்ப்பாள் உடைந்திருந்தது, ஒரு கீல் கழன்றிருந்தது. அவ்வளவுதான் காரணம்.

2016 டிசம்பர் 12ம் தேதி அடித்த வர்தா புயலை இந்தப் பக்கத்துச் சகோதரிகள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். வண்டலூர் உயிரியல் பூங்காவில் மட்டுமே ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அன்று காலையிலேயே எல்லா ஜன்னலையும் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டேன். மாமியார் அறைத் தாழ்ப்பாள் துருப்பிடித்து, பல நாளாகப் பாதிதான் கீழே இறங்கும். "பாதி இறங்கினால் போதாதா" என்று விட்டிருந்தேன். மதியம் காற்று கொடுத்த ஒரே தள்ளில் அது திருகாணியோடு பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. கதவு படார் படாரென்று அடித்துக்கொண்டது. கண்ணாடி நொறுங்கி, மேல் கீல் கழன்று, கதவு ஒரு பக்கமாகத் தொங்கியது. ஒரு வயசுப் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு, கண்ணாடிச் சில்லுக்கு நடுவில் மாமியாரைக் கைபிடித்து வெளியே அழைத்து வந்தேன். இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

என் கணவர் கண்ணாடி போன இடத்தில் தகரம் வைத்து, கதவைச் சேர்த்து, நாலு பெரிய ஆணி அடித்தார். "பொங்கல் கழியட்டும், ஆசாரியைக் கூப்பிட்டுப் பார்த்துக்கலாம்" என்றார். புயலுக்குப் பிறகு எந்த ஆசாரி கிடைத்தார்? அந்தப் பொங்கல் போய், இன்னும் இரண்டு பொங்கலும் போய்விட்டது. மாமியாரும் ஒன்றும் சொல்லவில்லை. "கொசு வராம நிம்மதியா இருக்கும்மா" என்பார்.

2019 ஆவணியில் அவருக்கு இருமல். இரண்டு வாரம் கஷாயம், மிளகு, துளசி எல்லாம் பார்த்தோம். குறையவில்லை. சளியைச் சோதித்ததில் காசநோய் என்று வந்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நாலு வயசுக் குழந்தை தினமும் பாட்டி பக்கத்தில்தான் தூங்குவாள்! டாக்டர் அம்மா பதறாமல் எல்லாவற்றையும் விசாரித்தார். யார் யார் வீட்டில், யார் எங்கே படுக்கிறீர்கள் என்று கேட்டவர், கடைசியில், "அந்த ரூம்ல ஜன்னல் இருக்கா?" என்றார்.

"இருக்குங்க டாக்டர். ஆனா திறக்க முடியாது."

"திறக்க முடியலைன்னா அது ஜன்னல் இல்லம்மா, சுவர்" என்றார்.

ஜன்னல் மூடியிருந்ததால்தான் நோய் வந்தது என்று அவர் சொல்லவில்லை. கிருமி எங்கிருந்தோ வந்தது. ஆனால் இருமும்போது காற்றில் கலக்கிற கிருமி, அடைத்த அறையில் வெகு நேரம் மிதந்துகொண்டிருக்கும். காற்று ஓடுகிற அறையில் வெளியே போய்க் கரைந்துவிடும். குழந்தையைச் சோதித்து, நோய் இல்லை என்று உறுதி செய்த பிறகு, ஆறு மாதம் தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள். மாமியாருக்கும் ஆறு மாதச் சிகிச்சை. மாத்திரை முழுக்க இலவசம்.

"அத்தையை எங்கேயாவது சேர்க்கணுமா?" என்று கேட்டதற்கு வேண்டாம் என்றார்கள். பிறகுதான் தெரிந்துகொண்டேன், இதைக் கண்டுபிடித்துச் சொன்னதே நம்ம சென்னைதானாம். ஒழுங்காக மருந்து சாப்பிட்டால், வீட்டில் வைத்துச் செய்யும் சிகிச்சை சானடோரியத்தில் சேர்த்துச் செய்வதற்குக் குறைந்ததல்ல என்று 1959ல் இங்கே நடந்த ஆய்வு உலகத்துக்கே காட்டியது.

சானடோரியம் என்றதும் நம் ரயில்வே ஸ்டேஷன் ஞாபகம் வரும். தினமும் அந்தப் பெயரைச் சொல்லி டிக்கெட் வாங்குகிறோம், அர்த்தம் யோசிப்பதில்லை. டாக்டர் சௌரிமுத்து என்பவர் 1928ல் தாம்பரத்தில் காசநோயாளிகளுக்காக அதைத் தொடங்கினார். அப்போது காசநோய்க்கு மருந்தே கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது 1940களில்தான். நல்ல காற்று, வெளிச்சம், சாப்பாடு, ஓய்வு இவைதான் அன்றைய வைத்தியம். இன்று மருந்து வந்துவிட்டது. அதற்காகக் காற்றின் வேலை குறைந்துவிடவில்லை. பெரு நாட்டில் லிமா நகர ஆஸ்பத்திரிகளில் ஆராய்ந்து 2007ல் வெளியிட்டார்கள். ஜன்னலையும் கதவையும் திறந்து வைத்த அறைகளில் ஒரு மணி நேரத்தில் சுமார் 28 தடவை காற்று முழுசாக மாறியதாம். இயந்திரம் வைத்துக் காற்று மாற்றிய அறைகளுக்குக் கணக்கு 12 தடவைதான். உயரக் கூரையும் பெரிய ஜன்னலுமாக இருந்த பழங்காலக் கட்டடங்கள்தான் புதுசைவிட நன்றாக இருந்தனவாம்.

சரி, நம் ஜன்னலுக்கு வருகிறேன். ஆசாரி நாளைக்கு, நாளைக்கு என்று ஐந்து நாள் சொன்னார். ஆறாம் நாள் நானே இறங்கிவிட்டேன். தரைத்தளம் என்பதால் வெளியே நின்று செய்ய முடிந்தது. மாடி ஜன்னலில் மட்டும் தயவுசெய்து இறங்காதீர்கள். வெளிப்பக்கம் திறக்கும் கதவு கை நழுவினால் கீழே போகிறவர் தலையில்தான் விழும்.

கழற்றிய பழைய கீலையும் தாழ்ப்பாளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு சண்முகம் சாலைப் பக்கம் போனேன். "மூணு இஞ்ச்சா, ரெண்டரையா?" என்று கடையில் கேட்டால் முழிக்க வேண்டியதில்லை, எடுத்துக் காட்டிவிடலாம். நீளம் மட்டும் பார்த்தால் போதாது, பட்டையின் கனமும் பார்க்க வேண்டும். பழைய பள்ளத்தில் உட்காராமல் தடித்த கீல் வாங்கினால் கதவு சாத்தவே சாத்தாது. மெல்லிசாக இருந்தால் பரவாயில்லை, பின்னால் அட்டை நறுக்கி வைத்துச் சமாளிக்கலாம். நம் ஊர் ஈரக்காற்றுக்குச் சாதா இரும்பு தாங்காது; எவர்சில்வர் கீல் வாங்குங்கள். கையோடு ஒரு சின்னக் காந்தம் கொண்டுபோனேன். நல்ல எவர்சில்வரில் பொதுவாகக் காந்தம் ஒட்டாது, ஒட்டினாலும் லேசாகத்தான். கடைக்காரர் சிரித்தார். சிரிக்கட்டும்! பித்தளை வாங்கினால் திருகாணியும் பித்தளையாக இருக்க வேண்டும். இரும்புத் திருகாணி போட்டால், ஈரம் பட்டுப் பட்டு அதுதான் முதலில் அரித்துப்போகும். எங்கள் தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டதற்கும் அதுதான் காரணம்.

நாலு கீல், இரண்டு தாழ்ப்பாள், இரண்டு கொக்கி, இரண்டு கைப்பிடி, திருகாணி எல்லாம் சேர்த்து அறுநூறு ரூபாய்க்குள் முடிந்துவிட்டது. கண்ணாடி தனி.

கஷ்டமான வேலை பழைய திருகாணியைக் கழற்றுவதுதான். வருஷா வருஷம் பொங்கலுக்குப் பெயிண்ட் அடித்து அடித்து அதன் தலையே தெரியாது. பழைய கத்தியால் பெயிண்ட்டைச் சுரண்டி, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, ராத்திரி முழுக்க ஊறவிட்டேன். (தேங்காயெண்ணெய் விடாதீர்கள், நாளாக ஆகத் தூசி சேர்ந்து பிசுபிசுத்துவிடும்.) காலையில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து, அதன் பின்னால் சுத்தியலால் ஒரு தட்டு. முதலில் இறுக்குகிற பக்கம் லேசாகத் திருப்பி, பிறகு கழற்றுகிற பக்கம் திருப்பினால் அசைந்து கொடுக்கும்.

எல்லாக் கீலையும் ஒரேயடியாகக் கழற்றக் கூடாது. ஒன்றைக் கழற்றி, புதுசை மாட்டி, பிறகுதான் அடுத்தது. கதவுக்கு அடியில் மரத்துண்டோ மடித்த சாக்கோ முட்டுக் கொடுத்து, ஒருவர் பிடித்துக்கொள்ளவும் வேண்டும். என் கணவர் பிடித்துக்கொண்டார். "முன்னாடியே செஞ்சிருக்கலாம் இல்ல?" என்று அவரே சொன்னதால் நான் ஒன்றும் சொல்லவில்லை.

பழைய ஓட்டை பெரிசாகிப் புதுத் திருகாணி பிடிக்காவிட்டால் பயப்படாதீர்கள். மருந்தை நீக்கிய மரத் தீக்குச்சிகளை ஃபெவிகாலில் தோய்த்து ஓட்டை நிறையச் செருகுங்கள். ஒரு நாள் காய்ந்ததும் நீட்டியிருப்பதை நறுக்கிவிட்டு, சின்ன ஆணியால் நடுவில் குத்தி வழி செய்து, திருகாணி மரையில் கொஞ்சம் சோப்பு தடவி முறுக்கினால் கல்லாட்டம் பிடித்துக்கொள்ளும். மரமே உளுத்திருந்தால் இது நிற்காது, ஆசாரிதான் கதி.

மழைக்காலத்தில் கதவு உப்பிச் சாத்த முடியவில்லை என்று உடனே இழைக்கச் சொல்லாதீர்கள். ஐப்பசியில் இழைத்தால் சித்திரையில் விரல் போகிற இடுக்கு விழும். மரம் காய்கிற வரை பொறுங்கள்.

கதவைத் திறந்து வைக்கிற கொக்கியைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். ஆடிக் காற்றில் கதவு படாரென்று சாத்தினால் குழந்தை விரல் என்ன ஆகும்? நான் கொக்கியோடு நிறுத்தாமல், பழைய ரப்பர் செருப்பில் இரண்டு அங்குலத் துண்டு நறுக்கிச் சட்டத்தின் மூலையில் ஒட்டியிருக்கிறேன். கதவு அதில் மோதி நின்றுவிடும்.

அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல் வைத்த ஃபிளாட்டுக்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அதில் பாதிதான் திறக்கும். அதுவும் தடத்தில் மண் சேர்ந்து அடி ரோலர் தேய்ந்துவிட்டால் பாதியும் திறக்காது. பழைய டூத் பிரஷ்ஷால் மாதம் ஒரு தரம் தடத்தைத் தேய்த்து எடுத்தாலே ரோலர் பல வருஷம் உழைக்கும்.

கொசுவுக்கு வலை போட்டேன், கம்பிக்கு உள்பக்கம் ஒட்டி எடுக்கிற மாதிரி. டெங்கு கொசு பகலில் கடிக்கிறது, அதனால் சாயங்காலம் மட்டும் சாத்தினால் போதாது. வலையில் தூசி அடைந்தால் காற்று வராது. நான் மாதம் ஒரு முறை துவைத்துவிடுகிறேன்.

தகரத்தைக் கழற்றி ஆணியைப் பிடுங்கிய அன்று, மாமியார் கட்டிலில் உட்கார்ந்து பக்கத்து வீட்டு மாமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது எப்பம்மா இவ்வளவு பெரிசாச்சு?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. ஆறு மாத மாத்திரையும் ஒரு வேளை தவறாமல் முடித்தார். குழந்தைக்கும் ஒன்றும் வரவில்லை.

ஏழில் ஆறு ஜன்னல் முடித்தாகிவிட்டது. சமையல்கட்டு ஜன்னலின் கீழ்க் கீல் மட்டும் இன்னும் கிறீச்சிடுகிறது. ஆடி பிறப்பதற்குள் அதையும் மாற்ற வேண்டும். கீல் வாங்கி அஞ்சறைப் பெட்டி பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.